ஆல்பா டியூக் தொலைத்த மூக்குக்கண்ணாடி

ஏப்ரல் 1 பற்றி நெதர்லாந்துக்காரர்களிடம் ஒரு பழைய வரி இருக்கிறது: "ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆல்வா தன் பிரில்லைத் தொலைத்தார்." டச்சு மொழியில் பிரில் என்றால் மூக்குக்கண்ணாடி. பிரில் என்பது கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்னத் துறைமுக ஊரின் பெயரும்தான். 1572 ஏப்ரல் 1 அன்று, போக்கிடம் இல்லாமல் கடலில் அலைந்துகொண்டிருந்த ஒரு கிளர்ச்சிக் கூட்டம் இருபது சொச்சம் கப்பல்களில் வந்து அந்த ஊரைப் பிடித்துக்கொண்டது. ஊரைக் காக்க வேண்டிய ஸ்பானிய வீரர்கள் அன்று ஊரிலேயே இல்லை. அவர்கள் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே போனால், ஐரோப்பாவின் தலைசிறந்த தளபதி என்று பெயரெடுத்த ஒரு மனிதர் ஒரு விற்பனை வரியில் போய் விழுந்த கதை கிடைக்கும்.

அந்த மனிதர் ஃபெர்னாண்டோ அல்வாரெஸ் டி டொலேடோ, மூன்றாவது ஆல்பா டியூக். டச்சுக்காரர்கள் வாயில் ஆல்வா. ஸ்பெயினில் அவருக்கு 'பெரிய டியூக்' என்று பெயர், நெதர்லாந்தில் இரத்தம் குடித்தவர் என்று பெயர். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்பதால் அந்தப் பட்டிமன்றத்துக்குள் நான் போகப்போவதில்லை. எனக்கு வேறு ஒரு விஷயம்தான் சுவாரசியம். இவருடைய போர் முறையே எதிரியின் பணம் தீரும்வரை காத்திருப்பது. அந்த முறையில் இருபது வருடம் ஜெயித்தவர், கடைசியில் தன் பணம் முதலில் தீர்ந்துபோனதால் தோற்றார்.

1507 அக்டோபர் 29-ல் பியெத்ராயிதா என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயது நிறைவதற்குள் அப்பா கார்சியா துனீசியக் கரைக்கு அருகே உள்ள ஜெர்பா தீவில் நடந்த சண்டையில் செத்துப்போனார். வளர்த்தது தாத்தா, இரண்டாவது டியூக் ஃபத்ரிக்கே. பாடம் சொல்லிக்கொடுத்தவர் கவிஞர் ஹுவான் போஸ்கான், நெருங்கிய நண்பர் கவிஞர் கார்சிலாசோ டி லா வேகா. பின்னாளில் ஊர் ஊராகக் கொன்று குவித்த ஆள் கவிஞர்கள் நடுவில் வளர்ந்தவர் என்பது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து ஸ்பானியப் பிரபுக் குடும்பத்தில் அது சாதாரணம். பதினாறு, பதினேழு வயதில் வீட்டில் சொல்லாமல் கிளம்பி ஃபுவென்டெராபியா முற்றுகையில் போய்ச் சேர்ந்துகொண்டார். 1531-ல் தாத்தா போனதும் டியூக் பட்டம். அப்புறம் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் எங்கே படையெடுத்தாலும் கூட இவரும் இருப்பார்: 1532-ல் துருக்கியருக்கு எதிராக வியன்னா பக்கம், 1535-ல் துனிஸ், 1541-ல் புயலில் அழிந்துபோன அல்ஜியர்ஸ் படையெடுப்பு. துனிஸில், முன்பு இறந்துபோன அப்பாவின் கவசம் கிடைத்து அதை வீட்டுக்கு எடுத்து வந்தார் என்று சொல்வார்கள்.

சார்லஸ் இவரை எப்படி எடைபோட்டார் என்பதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. 1543-ல் சார்லஸ் ஸ்பெயினை விட்டுக் கிளம்பும்போது, பதினாறு வயது நிறையாத மகன் ஃபிலிப்பிடம் (பின்னாளில் மன்னர் இரண்டாம் ஃபிலிப்) ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, பலாமோஸ் துறைமுகத்திலிருந்து இரகசியமாக ஓர் அறிவுரைக் கடிதம் எழுதினார். சுற்றியிருக்கும் ஒவ்வொரு பெரிய மனிதரைப் பற்றியும் அதில் குறிப்பு. ஆல்பாவைப் பற்றி எழுதியதன் சாரம் இது: வெளிவிவகாரத்துக்கும் போருக்கும் நம்மிடம் இருப்பவர்களில் இவர்தான் சிறந்தவர், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்; ஆனால் இவரையோ மற்ற பெரும் பிரபுக்களையோ ஆட்சிக்குள் ஆழமாக விட்டுவிடாதே, எந்த வழியிலும் உன்னை வளைத்துப்போடப் பார்ப்பார்கள், பெண்களை வைத்துக்கூட, பிறகு அதற்கு நிறைய விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஃபிலிப் இந்தக் கடிதத்தின் முதல் பாதியை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார். இரண்டாவது பாதியை ஒரே ஒரு முறை மீறினார். அந்த ஒரு முறைதான் நெதர்லாந்து.

போர்க்களத்தில் இவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1547 ஏப்ரல் 24, மூல்பெர்க். சக்கரவர்த்திக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்த ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் இளவரசர்களில் முக்கியமானவரான சாக்ஸனியின் ஜான் ஃபிரெடெரிக் எல்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஆறு இருக்கிறதே என்ற தைரியத்தில் கொஞ்சம் அசட்டையாகவும் இருந்துவிட்டார். காலையில் நல்ல பனிமூட்டம். ஸ்பானிய வீரர்கள் சிலர் வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப்போய் எதிர்க்கரையில் இருந்த படகுகளைக் கைப்பற்றினார்கள். சாக்ஸனிப் படை தன் குதிரைகளைப் பிடுங்கிக்கொண்ட கோபத்தில் இருந்த ஓர் உள்ளூர் விவசாயி ஆற்றில் இறங்கிக் கடக்கக்கூடிய இடத்தைக் காட்டிக்கொடுத்தார். சாயங்காலத்துக்குள் ஜான் ஃபிரெடெரிக் கைதி. அன்று சூரியன், பைபிளில் ஜோசுவாவுக்கு நின்றது போல, சார்லஸுக்காகவும் நின்றது என்று ஒரு கதை கிளம்ப, உண்மையா என்று பிரெஞ்சு மன்னர் கேட்டாராம். "அன்று எனக்குத் தரையிலேயே நிறைய வேலை இருந்தது, வானத்தைப் பார்க்க நேரமில்லை" என்றாராம் ஆல்பா. நடந்ததோ இல்லையோ, ஆளுக்குப் பொருந்துகிற பதில்.

ஆனால் அவருடைய உண்மையான பாணி மூல்பெர்க்கில் தெரியாது. அதைப் பார்க்க இத்தாலிக்கு வர வேண்டும். 1556-ல் ஆல்பா நேப்பிள்ஸின் வைஸ்ராய். போப் நான்காம் பால் ஸ்பானியர்களை வெறுத்தவர், பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்துகொண்டு போருக்கு நின்றார். பிரெஞ்சுத் தளபதி கீஸ் டியூக் ஆல்ப்ஸைத் தாண்டிப் படையோடு வந்தார். ஆல்பா என்ன செய்தார் என்றால், பெரிய சண்டையே கொடுக்கவில்லை. கீஸ் ஒரு கோட்டையை முற்றுகையிட்டு, நோயிலும் பசியிலும் ஆட்களை இழந்து, பின்வாங்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாங்குகிறவரை அடிக்கலாமே என்று அதிகாரிகள் துடித்தபோது, கீஸின் ஜரிகைச் சட்டைக்கு எதிராக நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தைப் பந்தயம் வைக்க நான் தயாரில்லை என்றாராம். எதிராளி தோற்றால் இழப்பது ஒரு கோட்டு, நாம் தோற்றால் இழப்பது ஒரு நாடு, இந்தக் கணக்கில் எதற்காகச் சூதாட வேண்டும்? 1557 ஆகஸ்டில் செயிண்ட் குவென்டினில் பிரெஞ்சுப் படை நொறுங்கியதும் கீஸ் ஊருக்கு அழைக்கப்பட்டார், போப் தனியாக மாட்டிக்கொண்டார். ரோம் வாசல்வரை போய்விட்ட ஆல்பா உள்ளே நுழையவில்லை. முப்பது வருடம் முன்பு, 1527-ல், சார்லஸின் சம்பளம் வாங்காத படை ரோமைச் சூறையாடிய கெட்ட பெயர் இன்னும் மறையாத நேரம் அது. சமாதானம் ஆனதும், ஜெயித்த தளபதி ரோமுக்குப் போய்த் தோற்ற போப்பின் காலை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார்! கத்தோலிக்கராக அது கடமை, அரசியல்வாதியாக அது மலிவான விலை.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராத படை என்ன செய்யும் என்று இவருக்குத் தெரியும். பொறுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்றும் தெரியும்.

ராஜதந்திர வேலைகளும் நடந்தன. 1548-ல் ஸ்பானிய அரசவையில் பர்கண்டி நாட்டுச் சடங்கு முறையைக் கொண்டுவந்த தலைமை அரண்மனை அதிகாரி இவர்தான். 1554-ல் ஃபிலிப் இங்கிலாந்து ராணி மேரியை மணக்கப் போனபோது கூடப் போனார். 1559-ல் பிரான்சோடு கட்டோ கம்ப்ரேசி சமாதானத்தைப் பேசி முடித்தவர்களில் ஒருவர். அந்தச் சமாதானத்தின் பகுதியாக, பிரெஞ்சு இளவரசி எலிசபெத்தை ஃபிலிப் சார்பில் பாரிஸ் நோத்ரதாம் பேராலயத்தில் பதிலாள் மாப்பிள்ளையாக நின்று மணந்ததும் இவரே. நாட்டுக்குள் இவருக்குப் போட்டி ரூய் கோமெஸ் டி சில்வா, எபோலி இளவரசர். போர்ச்சுகலிலிருந்து வந்து ஃபிலிப்பின் செல்லப்பிள்ளையாக உயர்ந்தவர். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஃபிலிப் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, ஒருவரை வைத்து இன்னொருவரை அடக்கினார். அப்பா சொன்ன வைத்தியம்.

சரி, நெதர்லாந்துக்கு வருவோம். அந்தக் காலத்து நெதர்லாந்து என்றால் இன்றைய பெல்ஜியமும் சேர்த்துப் பதினேழு மாகாணங்கள், ஐரோப்பாவிலேயே பணம் புழங்கிய பகுதிகளில் ஒன்று, ஆண்ட்வெர்ப் அதன் சந்தை. ஃபிலிப் இந்த நாட்டுக்குப் பரம்பரை மன்னர். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பழைய உரிமைச் சாசனங்கள் உண்டு, கேட்காமல் வரி போட முடியாது. 1566 ஆகஸ்டில் புராட்டஸ்டண்ட்டுகளில் ஒரு பிரிவினரான கால்வினிஸ்டுகள் தேவாலயங்களுக்குள் புகுந்து சொரூபங்களை உடைத்தார்கள். ஒரு சில வாரங்களில் நூற்றுக்கணக்கான கோவில்கள். செய்தி மாட்ரிட்டுக்குப் போனதும் படை அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. யாரை அனுப்புவது என்பதில்தான் இழுபறி. கடைசியில் அறுபதை நெருங்கிய, கீல்வாதம் பிடித்த ஆல்பாவின் தலையில் வந்து விழுந்தது.

போட்ட திட்டம் என்னவோ ஒழுங்கான திட்டம்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆல்பா முதலில் போய்க் கடுமையாக நடந்து எல்லாரையும் ஒடுக்க வேண்டும். அப்புறம் மன்னர் ஃபிலிப் நேரில் வந்து, பொதுமன்னிப்பு கொடுத்து, நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். கெட்டவர் வேடம் டியூக்குக்கு, கருணை வேடம் ராஜாவுக்கு. ஆனால் ராஜா வரவே இல்லை. 1568-ல் மகன் டான் கார்லோஸைச் சிறைவைக்க வேண்டி வந்தது, ஜூலையில் அவன் இறந்தான், அக்டோபரில் ராணி எலிசபெத் இறந்தார், கிறிஸ்துமஸ் சமயத்தில் தெற்கு ஸ்பெயினின் கிரனாடாவில் மொரிஸ்கோக்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள், கலகம் செய்தார்கள். மன்னிப்பு 1570 ஜூலையில் ஆண்ட்வெர்ப்பில் அறிவிக்கப்பட்டபோது அதை வழங்க நின்றதும் ஆல்பாதான். கொன்ற கையே வந்து கருணை காட்டினால் யார் நம்புவார்கள்?

போன விதம் மட்டும் போர்க்கலைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம். கடல் வழி ஆபத்து, பிரான்ஸ் வழி கிடையாது. அதனால் இத்தாலியிலிருந்து மோன் செனி கணவாய் வழியாக ஆல்ப்ஸைத் தாண்டி, சவாய், ஃபிரான்ஷ் கோன்டே, லொரேன், லக்சம்பர்க் என்று மேலேறினார்கள். சுமார் பத்தாயிரம் பேர். முன்னாலேயே ஆட்கள் போய் வரைபடம் போட்டு, ஒவ்வொரு தங்குமிடத்திலும் ரொட்டியும் தீவனமும் சேர்த்துவைத்திருந்தார்கள். வழியில் கொள்ளை இல்லை. கிளம்பிய படை கிட்டத்தட்ட அப்படியே முழுசாக 1567 ஆகஸ்ட் 22-ல் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது. 'ஸ்பானியப் பாதை' என்று பின்னால் பெயர்பெற்ற வழி இது, அடுத்து ஐம்பது அறுபது வருடம் படைகள் இதில்தான் நடந்தன.

போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், செப்டம்பர் 9. எக்மண்ட் பிரபுவும் ஹோர்ன் பிரபுவும் அழைக்கப்பட்டார்கள். எக்மண்ட் சாதாரண ஆள் இல்லை, செயிண்ட் குவென்டினிலும் கிராவெலினிலும் ஃபிலிப்புக்காகப் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த நாயகன், ஆல்பா வந்தபோது எதிர்கொண்டு போய்க் குதிரைகள் பரிசளித்து வரவேற்றவர். அன்று ஆல்பாவின் மகன் வீட்டில் பெரிய விருந்து. விருந்தின் நடுவில் அந்த மகனே, குதிரையில் ஏறி ஓடிவிடுங்கள் என்று எக்மண்டின் காதில் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. எக்மண்ட் ஓடவில்லை. விருந்து முடிந்ததும், ஆண்ட்வெர்ப்பில் கட்டப்போகும் புதுக் கோட்டையின் வரைபடத்தைப் பார்க்கலாம் வாருங்கள் என்று ஆல்பாவின் இருப்பிடத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் வரைபடம் விரித்திருந்தது, இத்தாலியப் பொறியாளர் பச்சோட்டோ விளக்கிக்கொண்டிருந்தார். அது முடிந்து வெளியே வந்தபோது வாளைக் கொடுங்கள் என்றார்கள். 1568 ஜூன் 5-ல் பிரஸ்ஸல்ஸ் பெரிய சதுக்கத்தில் இருவர் தலையும் வெட்டப்பட்டது. இருவரும் தங்கக் கம்பளி வீரர் சங்கத்து உறுப்பினர்கள், அந்தச் சங்கம் மட்டுமே அவர்களை விசாரிக்கலாம் என்பது விதி. ஆல்பாவும் அதே சங்கத்து உறுப்பினர்தான், அவருக்கு அது தெரியாமல் இல்லை.

இதற்கென்று ஒரு தனி நீதிமன்றம் வைத்தார். பெயர் கலக விசாரணை மன்றம், மக்கள் வைத்த பெயர் இரத்த மன்றம். எதிர்ப்பின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் முன்கூட்டியே ஜெர்மனிக்குப் போய்விட்டார், ஆனால் லூவென் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மூத்த மகனை ஸ்பெயினுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது எங்கள் உரிமைச் சாசனத்துக்கு எதிரானது என்று பல்கலைக்கழகம் முறையிட்டபோது, மன்றத்தின் முக்கிய நீதிபதி ஹுவான் டி வார்கஸ் ஓட்டை லத்தீனில் சொன்ன பதில்: உங்கள் சலுகைகளைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. மொத்தத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், பல ஆயிரம் பேர் சொத்தை இழந்தார்கள், அதைவிட அதிகம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் பலர் நெசவாளிகள், வியாபாரிகள், கப்பல்காரர்கள். வரி கட்டக்கூடிய ஆட்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

1568-ல் வில்லியம் சண்டைக்கு வந்தார். அவர் தம்பி லூயியின் படையை ஜூலையில் யெமிங்கனில் ஆல்பா துடைத்தெடுத்தார். அக்டோபரில் வில்லியமே சுமார் முப்பதாயிரம் பேரோடு மியூஸ் ஆற்றைக் கடந்து வந்தபோது, மறுபடி இத்தாலிப் பாணி. ஆல்பா பக்கத்திலேயே நடந்தார், சண்டை கொடுக்கவில்லை. வில்லியம் நகர்ந்தால் இவரும் நகர்வார், நின்றால் நிற்பார். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, எந்த ஊரும் கதவைத் திறக்கவில்லை, ஒரு மாதத்தில் வில்லியத்தின் படை தானாகக் கரைந்து பிரான்ஸ் பக்கம் போய்விட்டது. வில்லியம் தன் வெள்ளிப் பாத்திரங்கள்வரை விற்றும் பாக்கி தீரவில்லை. ஆல்பா யெமிங்கனில் பிடித்த வெண்கலப் பீரங்கிகளை உருக்கித் தனக்கே ஒரு சிலை செய்து ஆண்ட்வெர்ப் கோட்டைக்குள் வைத்துக்கொண்டார். காலடியில் கலகக்காரர்கள் மிதிபட்டுக் கிடப்பது போல. உயிரோடு இருக்கும்போதே, அதுவும் இன்னொருவர் ராஜாவாக இருக்கும் நாட்டில்! ஃபிலிப்புக்கே அது பிடிக்கவில்லை. அடுத்து வந்த ஆளுநர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தச் சிலையைக் கழற்றியது.

அப்போது மிச்சம் இருந்த ஒரே பிரச்சினை பணம். படை இருக்கிறது, கோட்டை கட்டுகிறார்கள், எல்லாச் செலவும் ஸ்பெயினின் மைய ராஜ்ஜியமான காஸ்டீலிலிருந்து வருகிறது. இனிமேல் நெதர்லாந்து தன் படைச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் ஃபிலிப். நடுவில் இன்னொரு அடி. ஆல்பாவுக்காக ஜெனோவா வட்டிக்கடைக்காரர்கள் அனுப்பிய பணத்தோடு வந்த கப்பல்கள் 1568 இறுதியில் இங்கிலாந்துத் துறைமுகங்களில் ஒதுங்கின. சுமார் 85,000 பவுண்டு. இன்னும் ஆல்பாவிடம் ஒப்படைக்கப்படாததால் அது வங்கியாளர்களின் பணம்தான், அவர்களிடம் நானே கடன் வாங்கிக்கொள்கிறேன் என்று இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் எடுத்துக்கொண்டார். கோபத்தில் ஆல்பா ஆங்கிலேயரின் சரக்குகளைப் பறிமுதல் செய்ய, பதிலுக்கு அவர்களும் செய்ய, இங்கிலாந்தோடு வியாபாரம் நின்றது. ஆண்ட்வெர்ப் வியாபாரத்தின் ஒரு முக்கியக் கால் அது.

இந்த நிலைமையில் 1569 மார்ச்சில் மாகாணங்களின் பொதுச் சபையைக் கூட்டி மூன்று வரிகளைக் கேட்டார். எல்லாச் சொத்தின் மீதும் ஒரே ஒரு தடவை நூற்றுக்கு ஒன்று. நிலம் வீடு விற்றால் ஒவ்வொரு தடவையும் இருபதில் ஒன்று. மற்ற எந்தச் சரக்கை விற்றாலும் ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒன்று. இந்தக் கடைசி வரிதான் புகழ்பெற்ற 'பத்தாம் காசு'.

நூற்றில் ஒன்றை முணுமுணுப்போடு கட்டிவிட்டார்கள், முப்பது லட்சம் கில்டருக்கு மேல் வந்தது. பத்தாம் காசுக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது. ஏன் என்று பார்க்க ஒரு துணியைப் பின்தொடர்ந்தால் போதும். கம்பளி வியாபாரி நூற்பவருக்கு விற்கிறார், பத்தில் ஒன்று. நூற்பவர் நெய்பவருக்கு விற்கிறார், மறுபடி பத்தில் ஒன்று. நெய்தவர் சாயக்காரருக்கு, சாயக்காரர் மொத்த வியாபாரிக்கு, அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் வாங்குபவருக்கு. முன்னால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, இன்றைய ஜிஎஸ்டியில் இருப்பது போன்ற ஏற்பாடு எதுவும் கிடையாது, வரி மேல் வரி ஏறும். ஆறு கை மாறினால் அடக்கவிலையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் வரியாகவே ஏறிவிடும். இங்கிலாந்துத் துணி அதே சந்தையில் எந்த விலைக்கு நிற்கும்? வயலும் ஆடும் மட்டும் இருக்கிற ஊரில் சரக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை கை மாறும். நெதர்லாந்து முழுக்கக் கை மாற்றியே பிழைக்கிற நாடு.

ஸ்பெயினில் அல்கபாலா என்ற பெயரில் இதே வரி இருக்கிறதே, என் ஆல்பா ஊரிலேயே எனக்கு நன்றாக வசூலாகிறதே என்று டியூக் சபையிடம் எடுத்துச் சொன்னார். அதில் அவர் சொல்லாமல் விட்டது: காஸ்டீலில் பெரும்பாலான ஊர்கள் பத்தில் ஒன்றைக் கட்டியதே இல்லை, மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துக் கட்டிவந்தன, கணக்குப் பார்த்தால் அது பத்து சதவீதத்துக்கு எங்கோ கீழே. காகிதத்தில் இருந்த ஸ்பானிய வரியை நிஜத்தில் வசூலிக்கப் பார்த்த முதல் ஊர் பிரஸ்ஸல்ஸ் என்றுகூடச் சொல்லலாம்.

சபை இரண்டு வருடத்துக்கு வருடம் இருபது லட்சம் கில்டர் தருகிறோம், இதை விட்டுவிடுங்கள் என்றது. ஏற்றுக்கொண்டார். உட்ரெக்ட் மாகாணம் மட்டும் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் தண்டனையாக அந்த ஊருக்குள் ஸ்பானியப் படையைக் கொண்டுபோய்க் குடிவைத்தார். வீடு வீடாகச் சாப்பாடு போட வேண்டும், தொல்லையைச் சகிக்க வேண்டும். 1571-ல் இரண்டு வருடம் முடிந்ததும், இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை, பத்தாம் காசு அமலுக்கு வருகிறது என்று அறிவித்தார். எனக்குத் தெரிந்து இவர் தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய தவறு இதுதான், எக்மண்டின் தலையைவிடப் பெரியது. எக்மண்ட் செத்தபோது கத்தோலிக்கர்கள் பயந்து ஒதுங்கி நின்றார்கள். பத்தாம் காசு வந்தபோது கத்தோலிக்கரும் கால்வினிஸ்டும் ஒரே வரிசையில் நின்றார்கள், ரொட்டிக் கடைக்கு எந்த மதம்? பிரஸ்ஸல்ஸில் கடைகளைச் சாத்திவிட்டார்கள். ரொட்டி இல்லை, பீர் இல்லை. கடையைத் திறக்காத பதினெட்டுப் பேரை அவரவர் கடை வாசலிலேயே தூக்கில் போட டியூக் உத்தரவிட்டிருந்தார், கயிறு தயாராக இருந்த நேரத்தில்தான் பிரில் போய்விட்ட செய்தி வந்தது என்று பழைய வரலாறுகளில் எழுதியிருக்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. பிரில்லில் இருக்க வேண்டிய ஸ்பானிய வீரர்கள் அப்போது உட்ரெக்ட்டில் இருந்தார்கள்.

வந்தவர்கள் 'கடல் பிச்சைக்காரர்கள்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டவர்கள். ஆல்பாவுக்குப் பயந்து ஓடியவர்களும், வேலை போன மாலுமிகளும், சுத்தமான கொள்ளைக்காரர்களும் கலந்த கூட்டம். எலிசபெத் 1572 மார்ச்சில் தன் துறைமுகங்களைவிட்டு அவர்களைத் துரத்தியதால்தான் வேறு வழியில்லாமல் இங்கே வந்து முட்டினார்கள். அடுத்து ஃப்ளஷிங், அப்புறம் ஹாலந்து, சீலாந்தில் ஊர் ஊராகக் கதவு திறந்தது. நான்கு வருடம் முன்பு வில்லியத்துக்கு ஒரு கதவும் திறக்காத அதே நாடு.

பதிலுக்கு ஆல்பா பயமுறுத்தினார். 1572 அக்டோபரில் மெக்கலன் ஊர் மூன்று நாள் சூறையாடப்பட்டது. நவம்பரில் சுட்ஃபென். டிசம்பர் 1-ல் நார்டன், அங்கே சரணடைந்த மக்களைக் கூட்டிவைத்துக் கொன்று ஊரைக் கொளுத்தினார்கள். கொஞ்ச நாள் இது வேலை செய்தது, சில ஊர்கள் நடுங்கிப்போய் வாசலைத் திறந்தன. ஆனால் நார்டன் கதையைக் கேட்ட ஹார்லெம் வேறு பாடத்தை எடுத்துக்கொண்டது: சரணடைந்தாலும் சாவு, எதிர்த்தாலும் சாவு, அப்புறம் எதற்குச் சரண்? டிசம்பரில் தொடங்கிய முற்றுகை ஏழு மாதம் போனது. உறைந்த ஏரியின் மேல் டச்சுக்காரர்கள் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு வந்து சுட்டுவிட்டுப் பறந்துவிடுவார்கள், வாழ்க்கையில் பனிச்சறுக்கே பார்த்திராத ஸ்பானியர்கள் விழுந்து எழுந்தார்கள். ஆல்பாவும் ஆயிரக்கணக்கில் சறுக்குக் காலணிகளுக்கு உத்தரவு போட்டார். படைத்தலைவர் அவர் மகன் ஃபத்ரிக்கே. குளிரும் சாவும் தாங்காமல் முற்றுகையைக் கைவிடலாமா என்று மகன் கேட்டனுப்ப, அப்படிச் செய்தால் நீ என் மகனே இல்லை, நீ செத்தால் நோயாளியான நான் வருவேன், நானும் விழுந்தால் உன் அம்மா ஸ்பெயினிலிருந்து வந்து முடிப்பாள் என்று பதில் எழுதினாராம். 1573 ஜூலையில் பட்டினியால் ஹார்லெம் விழுந்தது. காவல் படையில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், தலைவெட்டுபவர்கள் களைத்துப்போனதும் மிச்சம் இருந்தவர்களை முதுகோடு முதுகு கட்டி ஆற்றில் தள்ளினார்கள்.

ஜெயித்த கொஞ்ச நாளிலேயே ஸ்பானிய வீரர்களே கலகம் செய்தார்கள். சம்பள பாக்கி. ஊர் சரணடைந்ததால் கொள்ளையும் கிடைக்கவில்லை. வில்லியத்தின் படைக்கு 1568-ல் வந்த அதே வியாதி இப்போது ஆல்பாவின் படைக்கு. பேசி, பாதி கொடுத்து, சமாதானம் செய்து, ஆல்க்மார் ஊரைப் போய் வளைத்தார்கள். டச்சுக்காரர்கள் கடல் தடுப்புக் கரைகளை வெட்டி விட்டார்கள், வயலெல்லாம் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அக்டோபர் 8-ல் முற்றுகை கலைந்தது. மூன்று நாள் கழித்து ஸைடர்ஸே வளைகுடாவில் ஆல்பாவின் கப்பல்படையும் தோற்றது. தரையில் மட்டும் போர் தெரிந்த மனிதர், பாதிக்குப் பாதி தண்ணீராக இருக்கும் நாட்டில்.

1573 டிசம்பர் 18-ல் பிரஸ்ஸல்ஸைவிட்டுக் கிளம்பினார். ஆம்ஸ்டர்டாமைவிட்டுப் போனதைப் பற்றி ஒரு கதை: கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் நாளைக் காலை கணக்கோடு வாருங்கள் என்று தண்டோரா போட்டுவிட்டு, அன்று ராத்திரியே ஊரைவிட்டுப் போய்விட்டாராம். பத்தாம் காசில் உருப்படியாக ஒன்றும் வசூலாகவில்லை. 1575-ல் ஃபிலிப் தன் கடன்களை அடைக்க முடியாது என்று அறிவித்தார்.

ஸ்பெயினில் இவருக்கு மாலை மரியாதை எதுவும் காத்திருக்கவில்லை. மகன் ஃபத்ரிக்கே ராணியின் தோழி ஒருத்திக்குக் கல்யாண வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிய பழைய விவகாரம் நிலுவையில் இருந்தது. ராஜா தடுத்தும் கேட்காமல் 1578-ல் மகனுக்கு உறவுப் பெண்ணை இரகசியமாகக் கட்டிவைத்தார் ஆல்பா. நாடுகளைப் பிடித்துக் கொடுத்த கிழவர் ஒரு கல்யாணத்துக்காக 1579 ஜனவரியில் உசேதா கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார்.

ஒரு வருடம்தான். 1578-ல் போர்ச்சுகல் மன்னர் செபஸ்தியான் மொராக்கோவில் அல்காசர் கிபீர் போரில் வாரிசு இல்லாமல் சாக, அடுத்து வந்த கிழ மன்னர் கார்டினல் ஹென்றியும் 1580 ஜனவரியில் சாக, ஃபிலிப் அந்தச் சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடினார். உரிமையை நிலைநாட்ட ஒரு தளபதி வேண்டும். எழுபத்திரண்டு வயதுக் கைதியைத் தவிர யாருமில்லை. என்னைச் சங்கிலியில் கட்டி ராஜ்ஜியம் பிடிக்க அனுப்புகிறார்கள் என்று ஆல்பா புலம்பியதாகச் சொல்வார்கள். ஜூன் கடைசியில் எல்லையைக் கடந்தார். பழைய ஆல்பா திரும்பி வந்தது போல இருந்தது: தரையில் நேரே லிஸ்பனுக்குப் போகாமல், ஸ்பானியக் கடற்படைத் தளபதி அல்வாரோ டி பசானின் கப்பல்களில் படையை ஏற்றிக் காஷ்காய்ஷில் இறக்கி, ஆகஸ்ட் 25-ல் அல்காந்தராவில் சிம்மாசனத்துக்குப் போட்டியிட்ட டோம் அந்தோனியோவின் அவசரப் படையை ஒரே காலையில் கலைத்தார். லிஸ்பன் விழுந்தது.

லிஸ்பனோடு அதன் கடல்தாண்டிய இடங்களும் ஃபிலிப்பின் கணக்கில் ஏறின. தூத்துக்குடி முத்துக்குளித்துறை, மன்னார்க் கோட்டை, நாகப்பட்டினத்துப் போர்த்துக்கீசக் குடியிருப்பு எல்லாம் 1640 வரை ஸ்பானிய மன்னர்களின் பெயரில் இருந்தது இந்த ஒரு காலைச் சண்டையால்தான். 1619-ல் யாழ்ப்பாண ராஜ்ஜியம் போர்த்துக்கீசர் கைக்குப் போனபோது லிஸ்பனின் ராஜா இரண்டாம் ஃபிலிப்பின் மகன். பிறகு 1658-ல் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடுங்கியவர்கள் யார் என்றால், பத்தாம் காசு கட்டமாட்டோம் என்று நின்றவர்களின் பேரன்மார்.

ஊருக்குப் போக அனுமதி கேட்டார் ஆல்பா, ஃபிலிப் விடவில்லை. 1582 டிசம்பரில் போர்ச்சுகலிலேயே இறந்தார். உடலை ஆல்பா டி டோர்மஸ் ஊருக்குக் கொண்டுபோனார்கள், பின்னால் சலமான்காவுக்கு. இரண்டு மாதம் முன்பு அதே ஊரில், டியூக் குடும்பம் கூப்பிட்டு வந்திருந்த துறவி அவிலாவின் தெரேசா இறந்திருந்தார், அக்டோபர் 4 இரவில். கிரெகோரியன் காலண்டருக்கு மாறிய இரவு அது, மறுநாள் விடிந்தபோது தேதி அக்டோபர் 15. இன்றும் அந்த ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெரேசாவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். டியூக்குகளின் கோட்டையில் மிஞ்சி நிற்பது ஒரு கோபுரம். உள்ளே சுவரில் மூல்பெர்க் சண்டையை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.